துண்டுக்காரன் கெடுக்கப் பார்த்த கல்யாணம்

சமையலறைத் தரையில், அம்மா கோதுமை புடைக்கிற முறத்துக்குப் பக்கத்தில், அந்தப் புத்தகம் விரித்தபடி கிடந்தது. அதைச் சுற்றி மூன்று பேர் குந்தியிருந்தார்கள். என் நைனா, என் அம்மா, நைனாவோடு தொழிற்சாலையில் வேலை செய்த பக்தவச்சலம் மாமா. மூன்று பேருக்கும் இங்கிலீஷ் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் பஞ்சாயத்துக்கு வந்த பத்திரத்தைப் பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள்.

நான் அடுப்படியில் சப்பாத்தி திரட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற பெண் என்பதால் அந்தக் கூட்டத்தில் எனக்கு இடமில்லை. காதை மட்டும் அவர்கள் பக்கம் விட்டுவைத்திருந்தேன்.

படத்தில் ஒருத்தன் கட்டடங்களுக்கு மேலே பறந்துகொண்டிருந்தான். கழுத்தில் பச்சைத் துணியொன்றை முடிந்து முதுகுப் பக்கம் தொங்கவிட்டிருந்தான். அம்மா வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, குளிக்கக் கிளம்பியவன் மாதிரி துண்டைக் கட்டிக்கொண்டு இவன் எங்கே போகிறான் என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவனுக்குத் துண்டுக்காரன் என்று பெயர் நிலைத்துவிட்டது.

நைனாவுக்கு அந்தத் துண்டே பிடிக்கவில்லை. புனேயை ஒட்டிய கட்கியில் வெடிமருந்துச் சாமான் செய்யும் சர்க்கார் தொழிற்சாலையில், மெஷின் ஷாப்பில் அவருக்கு வேலை. அங்கே சட்டையின் ஓரம் வெளியே தொங்கினாலே ஃபோர்மேன் திட்டுவார். "இத்தக் கட்டிக்கினு லேத்துகிட்ட போனா கழுத்தோட இஸ்துக்கினு பூடும்" என்று நைனா கவலையோடு சொன்னார்.

மூன்று பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு படக்கதையை ஆராய்ந்தது பொழுதுபோக்குக்காக அல்ல. எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை ஞாயிறுதோறும் கேம்ப் கடைத்தெருவுக்குப் போய் இந்த மாதிரிப் புத்தகம் வாங்குகிறார் என்று துப்புக் கிடைத்திருந்தது. என் கல்யாணம் நடக்குமா, நிற்குமா என்பது அந்தத் துண்டுக்காரன் கையில் இருந்தது.

பெயரை எழுதலாமா?

மாப்பிள்ளையின் பெயர் ஏழுமலை. இதை எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் ஆபீசில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வேன். பேனாவால் எழுதினால் அது சொன்ன கணக்கில் வராது என்று என் பேத்தி தீர்ப்பளித்திருக்கிறாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, ஆனால் தீர்ப்பு மட்டும் நன்றாக வரும். பழி அவள்மேல் இருக்கட்டும்.

நெட்டைப் பெண்

அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வேலூர்ப் பக்கத்துக்காரர்கள். நான் புனேயில் பிறந்தவள். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் வரிசையில் என் வயதுப் பெண்களிலேயே நான்தான் உயரம். அம்மா அதை ஒரு நோயாகவே பாவித்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் என்னை நிற்கச் சொல்வார்கள். நின்றதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம் என்பார்கள். அந்தக் கடுதாசியைப் போடாமல் விட்ட குடும்பங்களை வைத்து ஒரு கிராமமே அமைக்கலாம்.

ஏழுமலையும் வந்தார். அதே தொழிற்சாலையில் வேறொரு ஷாப்பில் ஃபிட்டர். ஆரணிப் பக்கம். அப்பா அம்மா இல்லை. நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். என்னைவிட ஒரு விரற்கடை குட்டை.

வழக்கம்போல் என்னை நிற்கச் சொன்னார்கள். நின்றேன். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவரோ எனக்குப் பின்னால் இருந்த பரணைப் பார்த்தார். "நல்லதுங்க. பரண்மேலேந்து சாமான் எடுக்க ஸ்டூல் தேட வோணாம்" என்றார்.

எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு இந்த வயதில் என்ன வெட்கம்.

இவரும் தட்டிப்போனால் அடுத்தது யார் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆம்பூரில் மண்டி வைத்திருந்த, மனைவியை இழந்த ஒரு பெரிய மனிதர். என் நைனாவைவிடச் சற்றே இளையவர். உயரமாக இருப்பார், அவருக்கு நான் பொருத்தம் என்று அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அம்மாவின் அளவுகோலில் அது ஒன்றுதான் இருந்தது.

மாமாவின் விசாரணை

ஊரில் என்றால் மாப்பிள்ளையைப் பற்றி நாலு தெருவில் கேட்டால் நாற்பது கதை வந்துவிடும். புனேயில் யாருக்கு யாரைத் தெரியும். அதனால் எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சம்பந்தம் பேசியதும் பெண் வீட்டுச் சார்பில் ஒருவர் விசாரணைக்குப் போவார். மாப்பிள்ளை வேலை செய்கிற ஷாப், டீ குடிக்கிற இடம், முடி வெட்டிக்கொள்கிற கடை எல்லாம் ஏறி இறங்கிவிட்டு வந்து அறிக்கை கொடுப்பார். எங்கள் வரிசைக்கு அந்த ஆள் பக்தவச்சலம் மாமா. யாரும் நியமிக்கவில்லை, அவரே பதவி ஏற்றுக்கொண்டார்.

மாமாவின் திறமையைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. பக்கத்து வரிசைப் பெண் ஒருத்திக்கு மாப்பிள்ளை விசாரிக்கப் போனவர், தங்கமான பையன், பீடிகூடத் தொடமாட்டான் என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சொன்னார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை பந்தலுக்குப் பின்னால் புகை விட்டுக்கொண்டிருந்தார். மாமா விசாரித்தது அதே பெயருள்ள வேறோர் ஆளை. அந்தத் தங்கமான பையன் இது தெரியாமல் கல்யாணத்துக்கு வந்து பந்தி பரிமாறினான்.

அதிலிருந்து மாமாவுக்கு ஒரு வைராக்கியம். ஏழுமலை விஷயத்தில் ஓட்டை விடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டார். முதல் அறிக்கை நல்லபடியாக வந்தது. குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை, வேலை பர்மனென்ட். இந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அம்மா சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள். பையன் பர்மனென்டா என்றுதான் எங்கள் குவார்ட்டர்ஸில் ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் கேட்பார்கள். வீடு, பென்ஷன், ஆஸ்பத்திரி எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடக்கம்.

இரண்டாவது அறிக்கைதான் வில்லங்கமாகிவிட்டது.

யாருடைய பிள்ளை?

கேம்ப்பில் பழைய புத்தகம் விற்கும் கடையொன்றில் மாமா ஏழுமலையைப் பார்த்திருக்கிறார். அவர் வாங்கியது படம் போட்ட குழந்தைப் புத்தகம். மாமா மறைந்து நின்று பார்த்து, அவர் போனபின் கடைக்காரரிடம் அதே மாதிரி ஒன்றைத் தடயமாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"கல்யாணம் ஆவாத ஆளு குழந்தை புஸ்தகம் எதுக்கு வாங்கறான்? கட்பட் கீது" என்றார். கோளாறு என்பதற்குப் புனேயில் எங்கள் வாயில் ஒட்டிக்கொண்ட சொல் அது.

அதற்குமேல் கதை தானாக வளர்ந்தது. குழந்தைப் புத்தகம் வாங்கினால் குழந்தை இருக்க வேண்டும். இங்கிலீஷ் புத்தகமென்றால் அந்தக் குழந்தை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும். அப்படியானால் அதன் தாய் கேம்ப்பில் சர்ச்சுக்குப் பின்புறம் குடியிருக்கும் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரப் பெண்ணாக இருக்க வேண்டும். கால் மணி நேரத்துக்குள் மாமா அவருக்கு ஒரு மனைவியையும், பூப்போட்ட கவுன் அணிந்த ஒரு பெண் குழந்தையையும் உண்டாக்கிக் கொடுத்துவிட்டார். அம்மா அந்தக் குழந்தை அவர் ஜாடையா, தாய் ஜாடையா என்று கேட்டாள். மாமாவும் யோசிக்காமல் தாய் ஜாடை என்றார்.

நான் சப்பாத்தியைக் கருக்கிவிட்டேன்.

கேட் பாஸ்

தடயமாக வந்த புத்தகத்தைப் படம் பார்த்தே அவர்கள் புரிந்துகொண்ட கதை இது. துண்டுக்காரன் பகலில் தபாலாபீஸ் மாதிரி ஓரிடத்தில் குமாஸ்தா. தலையை வழித்து வாரி, சாதுவாக உட்கார்ந்திருப்பான். பக்கத்து மேஜையில் ஒரு பெண். எங்காவது நெருப்புப் பிடித்தால் இவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவான். மாடிப்படிக்கு அடியில் நுழைந்து துண்டோடு வெளியே வருவான்.

நைனா அந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். டியூட்டி நேரத்தில் கேட் பாஸ் இல்லாமல் இவன் எப்படி வெளியே போனான் என்பது அவர் கேள்வி. எங்கள் தொழிற்சாலையில் காலையில் போங்கா என்கிற சங்கு ஊதியதும் கேட்டைச் சாத்துவார்கள். சட்டைப்பையில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். நடுவில் வெளியே போக வேண்டுமென்றால் செத்தால்தான் உண்டு, அதற்கும் மூன்று கையெழுத்து வேண்டும். இவனோ வாரத்தில் பாதி நாள் வேலையில் இல்லை. சம்பளத்தில் பிடிக்கமாட்டார்களா என்று நைனா உண்மையாகவே விசனப்பட்டார்.

மாமா கண்ட விஷயம் வேறு. "பாத்தியா, இவனுக்கு ரெண்டு டிரெஸ்ஸு, ரெண்டு வாழ்க்கை. இத்தப் படிச்சிதான் அவனும் கத்துக்கினு கீறான்" என்றார். சந்தேகத்துக்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது புத்தகத்தை அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். ஒன்பதாவது வரை கன்டோன்மென்ட் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். எழுத்துக்கூட்டிப் படித்தேன். பறப்பதும் அடிப்பதும் என் மனதில் ஒட்டவில்லை. ஆபத்திலிருந்து தப்பி வந்த அந்தப் பக்கத்து மேஜைப் பெண் அவனைப் பார்த்து, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்று கேட்கிறாள். வயிற்றுவலி என்று அவன் பொய் சொல்கிறான். அவளும் நம்பிவிடுகிறாள்.

எனக்கு அந்தப் பெண்ணின்மேல் பரிதாபமும் அவன்மேல் கோபமும் வந்தன. ஊரையெல்லாம் காப்பாற்றுகிறவனுக்கு ஒருத்தியிடம் உண்மை சொல்லத் துணிவில்லையா?

இரானி கடை

அடுத்த ஞாயிறு நைனாவும் மாமாவும் ஒரே சைக்கிளில் கிளம்பினார்கள். மாமா பின்னால். கட்கியிலிருந்து கேம்ப் வரைக்கும் ஏழுமலையின் சைக்கிளைப் பின்தொடர்ந்தார்கள். அந்நாளில் புனேயில் ஒரு சைக்கிளைத் தொடர்வது எறும்புச் சாரியில் ஓர் எறும்பைத் தொடர்வதுபோல. நடுவில் வேறு யாரோ ஒரு மராத்தி வாத்தியாரைத் தொடர்ந்துகொண்டு போய், அவர் வீட்டு வாசல்வரை சென்று திரும்பியதாக நைனா பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏழுமலை கடையில் புத்தகம் வாங்கினார். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு, இப்போது சர்ச்சுச் சந்தில் திரும்புவான் பார் என்றார். அவர் திரும்பவில்லை. நேராக இரானி கடைக்குள் போய் உட்கார்ந்து, பன்னும் வெண்ணெயும் டீயும் சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

இரண்டு பேரும் எதிரில் டாங்கா நிற்கும் இடத்தில், குதிரைக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தார்கள். குதிரை அவ்வப்போது நகர்ந்தது, அதற்குத் தகுந்தபடி இவர்களும் நகர்ந்தார்கள். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். ஓரிடத்தில் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து உட்கார்ந்தார். படித்து முடித்ததும் புத்தகத்தைப் பழைய கடையிலேயே கொடுத்துவிட்டு வேறொன்று மாற்றிக்கொண்டு வந்து, மறுபடியும் டீ சொன்னார்.

சட்டைக்காரப் பெண்ணும் இல்லை, பூப்போட்ட கவுனும் இல்லை.

இதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அம்மாவுக்கு வந்த உயிரும் போயிற்று. "புள்ளை இருந்தாலாவது பேசி முடிக்கலாம். மீசை வெச்ச ஆம்பள தனியா ஒக்காந்து குழந்தை புஸ்தகம் பாத்துச் சிரிக்கறான்னா, அது இன்னா வியாதியோ" என்றாள். ஆம்பூர் மண்டிக்காரர் எந்தப் புத்தகமும் படிப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

நைனா சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, பையனை வீட்டுக்குக் கூப்பிட்டு நேராகவே கேட்டுவிடலாம் என்றார்.

வாழைக்காய் பஜ்ஜி

அவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. என்ன விசாரணை என்று தெரியாததால் நிம்மதியாக உட்கார்ந்தார். நான் உள்ளே பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் நின்று எண்ணெயைப் பார்க்காமல் கூடத்தையே பார்த்தாள்.

நைனாவுக்கு அவரைப் பிடித்திருந்தது என்பது கேள்வி கேட்ட தோரணையிலேயே தெரிந்தது. பதிலையும் தாமே கையில் எடுத்துக் கொடுத்தார். அந்தப் புத்தகமெல்லாம் இங்கிலீஷ் கற்றுக்கொள்வதற்குத்தானே என்றார். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே தாம்பூலம் மாற்றியிருப்பார்கள்.

அவர் யோசித்துப் பார்த்து, இல்லை என்றார்.

மாமாவும் இரக்கப்பட்டுக் கைகொடுத்தார். டிராயிங் பார்த்து வேலை செய்கிற ஆளுக்குப் படம் பார்த்துப் பழகுவது நல்லதுதான், அதற்காகத்தானே என்றார். அதற்கும் இல்லை என்றார்.

"அப்ப எதுக்குதான் படிக்கற?" என்று நைனா கேட்டார்.

"நல்லா கீதுங்க. ஆளு பறக்கறான் இல்லீங்களா, அத்தப் பாக்கத்தான்."

அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். நைனா, இத்தனை நாளாகத் தம்மை அரித்துக்கொண்டிருந்த கேட் பாஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டார். ஏழுமலை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, அவன் மேலதிகாரி எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பதாகப் போட்டிருக்கிறது, அதனால் இருக்கலாம் என்றார். அதிகாரி தூங்கினாலும் கேட்டில் ஜவான் இருப்பானே என்றார் நைனா. இரண்டு பேரும் நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். விசாரணை எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

நான் பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். கொடுத்துவிட்டுத் திரும்பி வர வேண்டும், அதுதான் முறை. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இன்றுவரை தெரியாது. தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்று கேட்டேன்.

"அந்தப் பக்கத்து மேஜைப் பொண்ணுகிட்ட அவன் எப்ப உண்மைய சொல்லுவான்?"

உள்ளே அம்மா பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பரணைப் பார்த்தவர் அன்றுதான் என்னைப் பார்த்தார்.

"நான் படிச்ச வரைக்கும் சொல்லலீங்க. எனக்கும் அது புடிக்கல" என்றார்.

கையில் எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தார். முகம் மாறிவிட்டது. நைனா பக்கம் திரும்பினார்.

"நானும் ஒண்ணு சொல்லணுங்க. நான் பர்மனென்ட் இல்ல. டெம்பரரிதான். எப்ப வோணா நிறுத்திடுவாங்க. நீங்க பர்மனென்ட்னு நெனச்சிக்கினு கீறீங்கன்னு போன வாரம்தான் காதுல வுழுந்துச்சி. சொன்னா பொண்ணு தரமாட்டீங்களேன்னு வாய மூடிக்கினு இருந்துட்டேன்."

மாமா, கேன்டீன்காரன் பக்காவாகச் சொன்னானே என்று முனகினார். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே அம்மா அடுப்பை அணைத்தாள். என் வாயால் என் கல்யாணத்தை நானே கெடுத்துக்கொண்டேன் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன்.

அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். நைனா சைக்கிள் வரைக்கும் கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்தார். வந்தவர், ஏழுமலை தட்டில் வைத்துவிட்டுப் போன பஜ்ஜியை எடுத்துச் சாப்பிட்டார்.

டெம்பரரி ஆளுக்குப் பெண் கொடுப்பதும் கிணற்றில் தள்ளுவதும் ஒன்று, ஆம்பூருக்கு நாளைக்கே கடுதாசி போட்டுவிடலாம் என்றார் மாமா.

"பக்தவச்சலம், நாம குதிரைக்குப் பின்னால நின்னு தேடியும் கெடைக்காதத அவனே கொண்டாந்து கையில குடுத்துட்டுப் போறான். இதுக்கு மேல அவங்கிட்ட விசாரிக்க இன்னா கீது?" என்றார் நைனா.

அம்மாவுக்கு அழுகை முட்டியது. பெண்ணை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றாள். என்னை யாராவது கேட்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றியது அதுதான் முதல் தடவை.

"கேக்க வேண்டியத நான் கேட்டுட்டேம்மா" என்றேன்.

மழைக்காலம் முடிந்ததும் கல்யாணம் நடந்தது. மூத்தவன் தவழும்போதுதான் அவர் பர்மனென்ட் ஆனார். அதுவரை ஒவ்வொரு மாதமும் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத இன்னொரு வாரம் வேண்டும்.

உண்மை பேசுகிறவரோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். கடைசிவரை என் காரக்குழம்பைப் பற்றிக்கூட அவர் உண்மையைத்தான் சொன்னார். புளி தூக்கல், உப்புக் கம்மி, நேற்று வைத்ததே தேவலை. எத்தனை நாள் கோபித்துக்கொண்டு தட்டை நகர்த்தியிருக்கிறேன்.

அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. இப்போது மகன், மருமகள், பேத்தி எல்லோரும் குழம்பு ரொம்ப நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஒருத்தர் சொல்வதையும் என்னால் நம்ப முடியவில்லை.